ஒளிர்வு 0.45

மூன்று மணிக்கே ஊர் அணைந்துவிட்டது.
ஒவுலுவில் ஜனவரி இப்படித்தான்,
கடைசியாக வெளியேறும் அவசரக்காரர் ஒருவர்
சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவதுபோல.

அலுவலகத்தில் நான், ஹீட்டரின் முனகல்,
பனிவாரி வண்டிகளுக்கு வழி சொல்லும்
நாற்பதாயிரம் வரி நிரல்.
பதினோரு வருடமாக வெள்ளைத் திரை, கறுப்பெழுத்து.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியதில்
கண்ணுக்குள் மணல் விழுந்ததுதான் மிச்சம்.

தேடினேன். நிறுவு என்றொரு பொத்தான்.
காப்பி ஆறுவதற்குள் முடிந்தது.
பின்னணி, இருட்டில் பார்த்த கத்தரிக்காய்த் தோல்.
நிபந்தனைச் சொற்கள் இளஞ்சிவப்பு.
மேற்கோளுக்குள் அகப்பட்டதெல்லாம் ஆரஞ்சு.
நான் பிறப்பதற்கு முன்பே மூடிப்போன
ஏதோ ஒரு வீடியோ கேம் கடையின் வாசலில் நிற்கிறேன்.
போனதே இல்லாத இடத்துக்கு
ஏன் இத்தனை ஏக்கம் என்று கேட்க ஆளில்லை.

ஆனால் ஒளிரவில்லை.
ஒளிர்வதற்குத் தனியாக ஒரு கட்டளை.
எடிட்டரின் வயிற்றைத் திறந்து
உள்ளே ஒரு கோப்பைச் செருக வேண்டுமாம்.
செருகினேன். மூடித் திறந்தேன்.
மூலையில் மஞ்சள் முக்கோணம்:
"உங்கள் நிறுவல் சிதைந்துள்ளது. மீண்டும் நிறுவவும்."
'இனிக் காட்டாதே' என்பதைத் தட்டினேன்.
இப்படிச் சொல்லிவிட முடிகிற இடங்கள்
வாழ்க்கையில் குறைவு.

பிறகு பார்த்தால், எழுத்துகள்
சவுனாவிலிருந்து உறைபனிக்குள் ஓடிவந்த உடம்புகள்போல
ஆவி விட்டுக்கொண்டு நின்றன.
அரைப்புள்ளிக்குக்கூட ஆவி.

அரைமணி நேரம் அழகு. அப்புறம் தலைவலி.
ஒளிர்வின் அளவு: 1.
0.7 ஆக்கினேன்.
0.45. அங்கே நிறுத்தினேன்.

அப்போதுதான் பிர்க்கா வந்தான்,
காலணிப் பனியைத் தட்டியபடி.
தோளுக்கு மேலாக வெகுநேரம் பார்த்தான்.
"இதில் நீ அழித்த வரி எது, சேர்த்தது எது?"
விளையாடுகிறான் என்று நினைத்தேன்.
அழித்தது இளஞ்சிவப்பு, சேர்த்தது பச்சைநீலம்,
கண்ணைப் பறிக்கிறதே!
"எனக்கு இரண்டும் ஒரே சாம்பல், ரௌனி.
மார்ச் மாதத் துறைமுகப் பனிக்கட்டி மாதிரி."

ஆறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம்.
அவன் சட்டைகள் எல்லாம் ஏன் நீலம் என்று
நான் கேட்டதே இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டான்.
ஒரு ஹேஷ், அதன்பின் ஆறு குறிகள்.
மாற்று, சேமி.
"இப்போது?"
"இல்லை."
"இப்போது?"
"கொஞ்சம்."
மருத்துவர் யார், நோயாளி யார் என்று தெரியாத
ஒரு கண் பரிசோதனை.
சேர்த்ததற்கு நீலம் என்று முடிவானது,
அழித்ததற்கு வெளிர்மஞ்சள்.
அசிங்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

மிச்சம் இருந்தவை குறிப்புரைகள்.
இந்தத் தீமைச் செய்த புண்ணியவான்
அவற்றை மங்கிய ஊதாவில் புதைத்திருந்தார்,
பின்னணியோடு பின்னணியாக.
தேன்நிறம் கொடுத்தேன்.
பக்கம் முழுக்க ஆட்கள் பேசத் தொடங்கினார்கள்.
2213ஆம் வரி, நான் எப்போதும் தாவிப்போகிற வரி,
யாரோ மார்கெத்தா எழுதியது:
"மருத்துவமனைச் சாலை முதலில். மாற்றாதீர்கள்.
காரணத்துக்கு இப்போது நான்கு வயது."

பிர்க்கா சத்தமாகப் படித்தான்.
தேதியைப் பார்த்தோம்.
காரணம் இந்நேரம் லைசென்ஸ் வாங்கி
கார் ஓட்டிக்கொண்டிருக்கும்.

வியாழக்கிழமை எடிட்டர்
தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. ஆவி போயிற்று.
மறுபடி செருக வேண்டும்; மறுபடி முக்கோணம் வரும்.
நிறங்கள் மட்டும் அப்படியே இருந்தன,
நீலமும் மஞ்சளும் தேனும்.

ஜன்னலுக்கு வெளியே வண்டி ஒன்று
மருத்துவமனைப் பக்கம் திரும்புகிறது,
தலையில் ஆரஞ்சு விளக்கு சுழல.
அது பிர்க்காவுக்கு என்ன நிறம் என்று
இன்னும் கேட்கவில்லை.