பூசாத சுவர்

பகாவ், புது தாமான், மூலை வீடு.
லேசரின் சிவப்புப் புள்ளி
சுவரில் போய் நின்றது: பதினோரடி நான்கங்குலம்.

படத்தை நீட்டினேன்.
பூசாத சிமெண்டு, மறைக்காத குழாய்,
கயிற்றில் தொங்கும் ஒற்றை பல்பு.
"கோலாலம்பூர்ல இப்ப எல்லாரும் இதான் கேக்குறாங்க."

தவமலர், செம்பனை ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர்,
விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.
"எவ்வளவு?"
"இந்தச் சுவருக்கு மட்டும் ஒன்பதாயிரம் வெள்ளி."

கண்ணாடி மூக்கில் நழுவச் சிரித்தார்.
"லயத்துல பத்தொம்பது வருசம்
இதே சுவத்துல முதுகு உரசித் தூங்கினேன்.
சும்மாவே குடுத்தாங்க."

நான்கு வருடப் படிப்பில்
இதற்குப் பதில் இல்லை.

வாசல்வரை வந்தவர் சொன்னார்:
"மஞ்சள் அடிங்க.
நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப
கண்ணு கூசக்கூடாது, அவ்ளோதான்."

காரில் உட்கார்ந்து வண்ண அட்டையை விரித்தேன்.
நாற்பத்தாறு மஞ்சள்.