ஒன்பது புள்ளி ஆறு ஒன்று

எல்லோருக்கும் ஒன்பது புள்ளி எட்டு வந்தது.
எனக்கும் அஸ்மத்துக்கும் மட்டும்
ஒன்பது புள்ளி ஆறு ஒன்று.

"ரப்பர் இருக்கா?" என்றாள் அஸ்மத்.
பக்கத்து மேசை ரெக்கார்டு நோட்டில்
விடை முதலில் பிறந்து
அளவுகள் பிறகு பிறந்துகொண்டிருந்தன.

நான் அழிக்கவில்லை.
நேர்மை என்று சொல்லிக்கொள்ள முடியாது.
கணக்கு இடித்தால் எனக்குத் தூக்கம் வராது,
அவ்வளவுதான்.
செல்லூரில் எங்கள் வீட்டுச் சுவர்
பகலெல்லாம் பக்கத்துத் தறியோடு அதிரும்,
செம்புத் தண்ணீரில் வளையம் விழும்.
தறி நின்றால்தான் நான் விழித்துக்கொள்வேன்.

பத்துக்கு ஆறு மார்க்.

மறு வாரமும் போனோம்.
இருபது ஆட்டம், பிறகு ஐம்பது.
நிறுத்துக் கடிகாரத்தில் என் கட்டைவிரல்
எவ்வளவு பிந்துகிறதென்று
அஸ்மத் தனியாக ஒரு பத்தி எழுதினாள்.
குண்டை மாற்றினோம், நூலை மாற்றினோம்,
மின்விசிறியை அணைத்துவிட்டுப்
பங்குனி வெயிலில் வேர்த்தபடி எண்ணினோம்.
அதே ஆறு ஒன்று.
தினமும் ஒரே முகத்தோடு வருகிற தப்புக்கு
ஏதோ சொல்ல இருக்கிறது.

நான்காம் வாரம்
குண்டு ஆடும்போது சும்மா
ஸ்டாண்டில் விரல் வைத்தேன்.
கம்பியும் கூடவே ஆடியது,
ஓர் அரிசி கனத்துக்கு.
நாங்கள் கட்டிய இடத்தில் அல்ல,
அதற்கும் மேலே
காற்றில் எங்கோ ஒரு புள்ளியில்
தொங்கிக்கொண்டிருந்தது நூல்.

இரண்டு திருகு. அரைச் சுற்று.
ஒன்பது புள்ளி ஏழு எட்டு.
புத்தகத்து எட்டைவிடக் கொஞ்சம் குறைவு,
மதுரைக்கு அதுதான் சரி.

இப்போது சென்னை வண்டியில் மேல்படுக்கை.
காலையில் நேர்காணல்.
படிவத்தில் 'திறன்கள்' என்று ஒரு கட்டம்,
தீப்பெட்டி அளவு.
ராத்திரி ரெண்டு மணிக்குச்
செல்போனில் பழகிய நிரல் எழுத்தைப் போட்டேன்.
டவுன்ஹால் ரோட்டு ரிப்பேர் கடையில்
பலகைக்கு முப்பது ரூபாய் கூலிக்கு
ஈயம் வைத்ததையும் போட்டேன்.
மாமா சொன்ன பேங்க் பரீட்சைக்கு
பணம் கட்டவில்லை, அதை எங்கே எழுத?
விரல் வைத்த கதைக்கு
கட்டத்தில் இடமில்லை.

கூடல்நகர் தாண்டியதும் அம்மா போன்.
அவளிடம் முழுதாகச் சொன்னேன்,
முதல்முறையாக.
பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது.
கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப அந்த நாலு மார்க்கு?"

வரலைம்மா.