உறை

பேராதனையிலிருந்து படங்கள் தபாலில் வந்தன.
காக்கி உறை மேல் என் பெயர், பதவி, ஆய்வுகூடம்,
தலவாக்கலை என்று அச்சடித்த எழுத்து.
முப்பத்தொரு வயதிலும்
எனக்கே நேராக ஒரு கடிதம் வருவது
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

உள்ளே கொழுந்தின் ஒரே ஒரு கலம்.
ஏழாம் நம்பர் மலையில் அம்மா கிள்ளியது,
பிளாஸ்கில் ஐஸ் போட்டு நான் கொண்டுபோய்க் கொடுத்தது.
உறையவைத்து, உடைத்து, படம் எடுத்திருக்கிறார்கள்.
கருவின் உறை முழுக்கத் துளைகள்,
பழைய லயத்துத் தகரத்தில்
ஆணி பிடுங்கின இடங்கள் போல.

கருத்துளை.
பாடப் புத்தகத்தில் அந்தச் சொல்லைக்
கருத்து, உளை என்று பிரித்து வாசித்தவள் நான்.

எண்ணுவது என் வேலை.
ஒரு சதுர மைக்ரோனுக்குள் பென்சில் புள்ளி வைத்து
நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று.
ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர்
தோள் தொட்டு வட்டமாய் நிற்கிற மாதிரி.
நடுவில் வெறும் ஓட்டை என்று நினைக்கக்கூடாது.
அங்கே முனை கட்டாத இழைகள்
காலை ஆறு மணி மூட்டமாய் அலைகின்றன.
தண்ணீர், சீனி, உப்பு கேட்காமலே போகும்.
உருப்படி பெரிதானால் மூட்டம் விடாது,
கூட்டிப்போக ஒருவர் வேண்டும்.
அவர் முகம் பார்ப்பதில்லை.
உடம்பில் எங்கேயோ தைத்திருக்கும் விலாசத்தைத் தடவிப் பார்ப்பார்.
லைசின், லைசின், இன்னும் இரண்டு மூன்று எழுத்து.

எங்கள் லயத்துக்கு விலாசம் இருக்கவில்லை.
நூற்றெண்பது குடும்பத்துக்கும்
கந்தோர் ஜன்னலில் ஒரு மரப்பெட்டி.
தோட்டத்தில் எஸ். தவமலர் இரண்டு பேர்.
பல்கலைக்கழகம் எனக்குப் போட்ட கடிதம்
மேற்பிரிவுத் தவமலர் வீட்டில்
சாமிப் படத்துக்குப் பின்னால் பத்தொன்பது நாள் இருந்தது.
அவள் கொழும்பில், கடையில் வேலைக்கு.
பதிவுக்குக் கொடுத்தது பதினாலு நாள்.
இப்போது கட்டுரைகளில்
கடைசிப் பக்கம், நன்றி என்ற இடத்தில்
என் பெயர் இருக்கும்.

துளையைக் கந்தோர் ஜன்னல் என்று எழுதிவிடலாம்.
எழுத மனம் வரவில்லை.
துளைக்குக் கிளாக்கர் கிடையாது, பகல் சாப்பாட்டு நேரம் கிடையாது.
நொடிக்கு ஆயிரம் போய் வருகிறது,
உள்ளிருந்து புறப்படும் செய்திகளும் அதே வழியால்தான்,
ஒன்றோடொன்று முட்டியதாய் யாரும் எழுதவில்லை.

ஒன்பதாவது படத்தில் உறையே இல்லை.
கலம் பிரிகிற நேரம்.
எட்டெட்டாய் நின்றவை தோளை விட்டுக் கழன்றிருக்கின்றன,
உள்ளே இருந்தது எல்லாம் தெருவில்.
புது உறை கட்டியதும்
ஒவ்வொன்றும் மறுபடி துளை வழியாக நுழைய வேண்டும்.
அதற்குத்தான் உள்ளே போன பிறகும்
இவை விலாசத்தைக் கிழிப்பதில்லை.
இழைமணிக்குப் போகிறவை பல
வாசலிலேயே அறுத்துப் போட்டுவிடும்.
இவை வைத்திருக்கும். இன்னொரு தடவை வரும் என்று தெரிந்த மாதிரி.

போன மாதம் ஆட்கள் வந்து
எங்கள் கதவில் நீலத் தகடு அடித்தார்கள்: 7/14.
பாவித்து முடிந்த ஒரு படத்தை,
என் புள்ளிகள் படாத பிரதியாகப் பார்த்து
காக்கி உறையில் போட்டு
அம்மா பெயருக்கு அனுப்பினேன்.
வேறொன்றும் எழுதவில்லை.
நான்காம் நாள் போன் வந்தது.

வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போறான் புள்ள.
என்னா இது, சல்லடையா?

நீ கிள்ளின கொழுந்தும்மா. உள்ளுக்குள்ள அப்படித்தான்.

எத்தன ஓட்ட?

கட்டத்துக்குள்ள நாப்பத்தி மூனு.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, நிறுவைக்காரனோடு பேசும் அதே குரலில்:
நாப்பத்தி நாலு. நல்லாப் பாரு.

பார்த்தேன்.
ஓரத்தில், கோட்டில் பாதி மறைந்து
ஒன்று.