மூன்று வாசல்

ருவேடி கில்கென் மூன்றாம் முறையாக வந்திருக்கிறார்.
பீல் நகரில் முப்பத்தோரு வருடம் ட்ராலிபஸ் ஓட்டியவர்.
கைக்குட்டையைப் பிரித்து என் மேசையில் வைக்கிறார்.
கண்ணாடிக்குள் ஒரு சிறு ஏரி.
சாய்த்தால் சாய்கிறது.

முதல் முறை வந்தபோது
"முப்பது மீட்டர் என்று போட்டிருக்கிறதே" என்றார்.
எல்லாரும் கேட்பதுதான்.
அது ஆழம் இல்லை ஐயா,
அசையாத தண்ணீரில் அசையாத கடிகாரத்தின் மேல்
ஓர் இயந்திரம் வைத்த பாரம்.
மழை தாங்கும், பாத்திரம் கழுவலாம்.
நீங்களோ கையை வீசி அடிக்கிறீர்கள்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்;
இங்கே ஆழத்தை எழுதியே வைத்துவிட்டார்கள்,
அதுதான் வம்பு.

மற்ற கடிகாரத்துக்கு ஒரே வாசல், சாவித் திருகு.
க்ரோனோகிராஃபுக்கு மூன்று.
ஓடவும் நிற்கவும் ஒரு பொத்தான்,
பூஜ்யத்துக்குத் திரும்ப இன்னொன்று.
ஒவ்வொன்றிலும் நூல் பருமனில் ஒரு ரப்பர் வளையம் காவல்.
பொத்தானை அமுக்கினால்
காவல் ஓர் இமைப்பொழுது நகர்ந்து நிற்கும்.
தண்ணீருக்கு வேறு வேலை இல்லை,
அந்த இமைப்பொழுதுக்காகத்தான் காத்திருக்கிறது.

அப்படியானால் நீந்த முடியவே முடியாதா?
முடியும்.
இரண்டாம் முறை வேறொன்று கொடுத்தேன்:
இருநூறு மீட்டர், திருகி மூடும் பொத்தான்கள்.
நாற்பத்தைந்து டிகிரிக்குச் சூடாக்கி
கண்ணாடி மேல் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு வைத்தேன்.
ஒரு நிமிடம் கழித்துத் துடைத்தேன்.
உள்ளே பனி இல்லை, பனியின் நினைப்புகூட இல்லை.
கரையில் ஓட விடுங்கள், திருகி மூடுங்கள்,
தண்ணீருக்குள் தொடாதீர்கள் என்றேன்.
தலையாட்டினார்.

"தொட்டீர்களா?"

"லிகெர்ட்ஸிலிருந்து தீவு வரை நீந்துகிறேன் மதாம் பெரெனு.
நாணலைத் தொட்ட இடத்தில்தானே நேரம் முடிகிறது?
கரையேறி, துண்டு தேடி, துவட்டி, அப்புறம் நிறுத்தினால்
அது துண்டின் நேரம்.
பஸ் நிறுத்தத்துக்கு வந்த மணியை
டிப்போவில் போய் எழுதச் சொல்கிறீர்களா?"

எனக்குப் பதில் இல்லை.
இருபது வருடமாக அடைக்கத்தான் கற்றிருக்கிறேன்.

முள் நின்ற இடத்தைக் காட்டினார்:
இருபத்து நான்கு நிமிடம், பதினோரு விநாடி.
ஆறு கோடையில் இதுதான் குறைவு.
நீச்சல் சங்கத்து ஸோல்பெர்கர் அம்மாள் நம்ப மாட்டாராம்.
"நீங்கள் எழுதித் தந்தால் நம்புவார்."

பின்மூடியைத் திறந்தேன்.
ஏரி டிஷ்யூ தாளில் இறங்கியது,
பாசியின் ஒரு பச்சை இழையோடு.
பூதக்கண்ணாடியில் நெம்புகோலைப் பார்த்தேன்.
விரல் நிறுத்தியிருந்தால் அது விழுந்திருக்கும்.
விழவில்லை.
இவர் திருகைத் திறந்தபோதே தண்ணீர் உள்ளே வந்து
முள்ளைப் பிடித்துவிட்டது.
நாணலுக்கு இன்னும் எத்தனை வீச்சு இருந்ததோ.

அவர் அன்றைய தண்ணீரின் குளிரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.
படிவத்தில் இரண்டு கட்டம்.
முள் நின்ற இடம்: 24 நிமிடம் 11 விநாடி.
நின்ற காரணம்: நீர்.

வாசித்தார். மறுபடி வாசித்தார்.
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
என்ன புரிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை.

மூன்று வளையம், எண்ணெய், கூலி. பில் நீளம்.
பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தவர்
மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.
வெயில் படாத ஒரு வெள்ளைப் பட்டை.
அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"போதும், பிடித்துவிடலாம்" என்றார்.