ஐந்து ராப்பன்

விந்தர்தூர். நிலத்தடி இரண்டாம் தளம்.
இரண்டு குளிர்சாதனப் பெட்டியை ஒட்டி நிறுத்திய அளவில்
ஓய்வூதியக் காப்புறுதியின் மூளை.
வாடகை, உரிமம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து
வருடத்துக்கு நாற்பத்தொரு இலட்சம் பிராங்க்.
"மேகத்துக்குப் போனால் பாதிதான்"
என்றார் நிதிக்குப் பொறுப்பான ஊர்ஸ் கெம்ப்.
கோப்பி ஆறுமுன் கையெழுத்தும் ஆயிற்று.

பெயர்க்கிற வேலை என் தலையில்.
பதினெட்டு மாதம் என்றார்கள்;
நடப்பது நாற்பதாவது.

"இரவிரவாய் நீ மல்லுக்கட்டுகிற
அந்தக் கோபால் ஆர்?" என்று மாமி கேட்டா.
மொழி மாமி, கணினி மொழி, என்றேன்.
நம்பின மாதிரித் தெரியவில்லை.

பழையதையும் புதியதையும் பக்கம்பக்கமாக ஓடவிட்ட மூன்றாம் கிழமை
அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கணக்கு உதைத்தது.
ஆளுக்கு ஐந்து ராப்பன்.
கூட்டினால் மாதம் முப்பது பிராங்க் அறுபது.
(அதைத் தேட எனக்குக் கொடுத்த சம்பளம்
எத்தனை வருடத்து ஐந்து ராப்பன் என்று
நான் கணக்குப் பார்க்கவில்லை.)

பதினோராம் நாள் அகப்பட்டது.
எண்பத்தெட்டில் எழுதிய ஒரு வரி,
அதன் தலையில் ஜெர்மனில் ஒரு குறிப்பு:
"புரோசி சொன்னபடி. தொடாதே."
புரோசி ஆர்? ஆளணிப் பிரிவுக்குத் தெரியாது.
கீழ்த்தளத்து ரெகுலா தோளைக் குலுக்கினாள்.

சட்டப் பிரிவு சொன்னது:
புதியதுதான் சரி.
பழையது முப்பத்தாறு வருடமாய்
விதவைகளுக்குக் கூடக் கொடுத்திருக்கிறது.
திருத்தலாம். திருத்தினால்
அறுநூற்றுப் பன்னிரண்டு கடிதம், அத்தனை முத்திரை,
பிறகு வரும் தொலைபேசிகளுக்குத் தனியாய் ஓர் ஆள்.
கெம்ப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பிழையையும் பெயர்த்துவிடுங்கள்."

பெயர்த்தேன்.
புத்தம்புது நிரலுக்குள் பழைய ஐந்து ராப்பன்.
அதன் தலையில் என் கையால் ஒரு குறிப்பு:
புரோசி சொன்னபடி.

மேகத்தின் முதற் பட்டியல் போன வெள்ளி வந்தது.
பாதி இல்லை. முக்காலும் இல்லை.
லாபமா என்று கேட்கிறவர்களுக்கு
அடுத்த காலாண்டில் ஒரு வரைபடம் காட்டுவார்கள்;
அதில் கோடு மேலே போகும்.

நேற்று இறங்கிப் போய்ப் பார்த்தேன். இன்னும் ஓடுகிறது.
ஏதோ ஒரு வரி அறிக்கையை
அதைத் தவிர ஒருவருக்கும் அச்சிடத் தெரியாதாம்.
பின்பக்கத்துச் சுடுகாற்றில்
ரெகுலா நனைந்த கையுறைகளைக் காயப் போட்டிருந்தாள்.
வெளியே பனி.
என்னுடையதையும் கழற்றி
அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன்.