நிமிடத்துக்கு இருபத்திரண்டு

உச்சிப்புளிச் சந்தையில் பன்னீர் திராட்சை இரண்டு கிலோ.
காம்பு ஆய்ந்து, கழுவாமல் துடைத்து
(கழுவினால் தோலின் வெள்ளைப் பூச்சு
போய்விடுமாம், மெர்சலின் சொன்னாள்)
ஒன்றரைக் கிலோ சீனி, ஒரு கைப்பிடி கோதுமை,
கிராம்பு நான்கு,
பேக்கரியில் கெஞ்சி வாங்கிய ஈஸ்ட் ஒரு சிட்டிகை.
ஊறுகாய் ஜாடிக்குள் முழங்கை வரை விட்டுப்
பிசைந்தேன்.
நகக்கண்ணெல்லாம் ஊதா.
மறுநாள் தடுப்பூசி முகாமில்
ஒருத்தி என் விரல்களைப் பார்த்துவிட்டுப்
பிள்ளையை இன்னொரு நர்ஸிடம் தூக்கிப் போனாள்.

மண்டபத்தில் மே மாதம்.
மதியத்தில் என் வீட்டுக்குள் முப்பத்தாறு டிகிரி.
கடலில் தடைக்காலம், படகுகள் கரையில்,
ஐஸ் கம்பெனிக்காரர் கேட்ட விலைக்குக் கொடுத்தார்.
மீன் பெட்டியில் ஐஸ், ஐஸ் மேல் சாக்கு,
சாக்கின் மேல் ஜாடி.
மூடியைச் சுற்றி மைதா மாவு அப்பி
காலாவதியான டிரிப் குழாய் ஒன்றை உள்ளே செருகி
மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டேன்.
என்ன சிஸ்டர், யாருக்கு ஏத்துறீங்க என்றார்
மீட்டர் பார்க்க வந்தவர்.

கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்துக்
குமிழிகளை எண்ணினேன்.
முதல் நாள் நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு.
ஐந்தாம் நாள் இருபத்திரண்டு.
ஒன்பதாம் நாள் மூன்று.
எண்ணிக்கை இறங்கினால்
டாக்டரைக் கூப்பிட ஓடிப் பழகிய கால்கள்.
இங்கே இறங்குவதுதான் நல்ல சேதி என்று
அவற்றை நம்பவைக்க ஒரு வாரம் பிடித்தது.

இருபத்தோராம் நாள் வடிகட்டினேன்.
காடி.
மூக்கின் உச்சிக்கு ஏறி உட்கார்ந்த புளிப்பு.
அதில் சீலா மீன் ஊறுகாய் போட்டுக் கொண்டுபோனேன்,
ஆஸ்பத்திரியில் பாட்டிலைத் துடைத்து வைத்தார்கள்.

இரண்டாவது ஜாடிக்குச் சாயல்குடிக் கருப்பட்டி.
எரிகிற அடுப்பில் தண்ணீர் பட்ட வாசனை.
மெர்சலின் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு
சம்பந்தியைப் பெயர் சொல்லித் திட்டினாள்.
இன்னும் கொஞ்சம் இனிப்பு இருந்தா
கிறிஸ்துமஸுக்கே வச்சுக் கொடுக்கலாம்,
இது கஸ்மீர் அண்ணன்.
நானும் சொன்னேன்: நல்லாருக்கு.

பிடிக்கவில்லை.
ஹாஸ்டல் சாம்பாரை நல்லாருக்கு என்றேன்,
அண்ணன் எடுத்த ரோஸ் கலர் புடவையை,
தரகர் காட்டிய மூன்று போட்டோக்களையும்.
நல்லாருக்கு என்பது
என் நாக்கின் சீருடை.
முப்பத்தெட்டு வருஷமாகத் துவைத்துத் துவைத்து
அதையே மாட்டியிருக்கிறேன்.

மூன்றாவது நாவல்.
ஆஸ்பத்திரிக் காம்பவுண்டில் காற்று உதிர்த்தவை,
மண்ணை ஊதித் தள்ளி,
கொட்டைகளில் பாதியை அப்படியே விட்டு.
சீனியில் ஒரு கரண்டி தவறிக் குறைந்தது.
யோசித்துப் பார்த்து
இன்னும் இரண்டு கரண்டியை நானே குறைத்தேன்.

ஆகஸ்ட் கடைசி, கரண்ட் போன இரவு.
பாலத்தில் ரயில் மெதுவாக ஏறும் சத்தம்.
எவர்சில்வர் தம்ளரில் இரண்டு விரல் உயரம் ஊற்றி
யாரையும் கூப்பிடாமல் குடித்தேன்.
ஒன்றும் தெரியவில்லை முதலில்.
பிறகு கன்னத்தின் உட்புறம் இறுகியது,
நாக்கு தன் பருமனைத் தானே தடவிப் பார்த்தது.
துவர்ப்பு.
ஆறு சுவையில் யாரும் இன்னொரு கரண்டி கேட்காத சுவை.
இன்னொரு தம்ளர் ஊற்றினேன்.

தூ, வாழைக்காய்க் கறையாட்டம் இருக்குடி,
சீனி போடு, என்றாள் மறுநாள் மெர்சலின்.
போட மாட்டேன், என்றேன்.
கோபமா என்றாள்.
இல்லை, இப்படித்தான் வேணும்.

பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி எழுதினேன்:
நாவல். ஆகஸ்ட். சீனி குறைவு.
நோயாளி பெயர் எழுதும் இடத்தில்
பிரகாசி, பெண், 38.

டியூட்டிக்குப் போகும் வழியில் டீக்கடை.
அண்ணே, சீனி இல்லாம.
சுகரா சிஸ்டர்?
சே, அதெல்லாம் இல்லை.
குடித்துப் பார்த்தேன்.
இதுவும் பிடிக்கவில்லை.
நாளைக்கு அரைச் சீனி சொல்லிப் பார்க்க வேண்டும்.