கட்டுப்பணம்

தோற்கப்போகிறவரோடு வேலை செய்வது சுகம்.
வெல்லக்கூடியவன் சதக்கணக்குக் கேட்பான்,
மச்சானைக் கூட்டிவந்து பில்லைப் பார்க்கச் சொல்லுவான்.
அமிர்தநாதர் அப்படியில்லை.
கொக்குவில் வீட்டு முன்னறையில்
கடை வடையோடு
காசோலைப் புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்தார்.

பதினேழாம் இலக்கச் சுயேச்சைக் குழு. சின்னம் கேத்தல்.
ஒரு வரைபடம் காட்டினேன்:
சிவப்புக் கோடு சாவகச்சேரியில் எழும்பி
ஊர்காவற்றுறையில் இன்னும் எழும்பியது.
முதல்நாள் இரவு
கொழும்பு பஸ்ஸுக்குள் இருந்து கீறிய கோடு.

முகநூல் விளம்பரத்தில் எனக்குப் பதினைந்து வீதம்.
சுவரொட்டிக்கு அச்சகக்காரன் தருவது வேறை.
பிரம்டனில் இருக்கிற தமையன்
வாராவாரம் அனுப்பினார்.
"ஆசனம் நிச்சயமோ" என்று
ரண்டு பேருமே ஒருக்காலும் கேட்கவில்லை.
அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

எண்ணி முடிய விடியப்புறம் மூன்று மணி.
முந்நூற்றுப் பதினொன்று.
மத்திய கல்லூரி மதிலடியில்
சப்பாத்தைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டு சொன்னார்:
"எனக்குத் தெரியும் தம்பி.
மனிசி செத்தபிறகு
வீட்டுக்கு ஆக்கள் வந்துபோனது
இந்த ரண்டு மாசந்தான்."

கடைசிப் பில் என் பொக்கற்றில் இருந்தது.
கொடுத்தேன்.
கூட்டிப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டு
மாகாணசபை எப்ப வரும் என்றார்.